உரையாடல் என்கிற கட்டுக்கதை: அறையிசையை அறிமுகப்படுத்துவது பற்றி

1

ஐரோப்பியர்கள் ‘சேம்பர் மியூசிக்’ என்று சொல்வதைத் தமிழில் அறையிசை எனலாம். தேவாலயத்துக்கோ நாடக அரங்குக்கோ எழுதப்படாமல், வீட்டின் அல்லது அரண்மனையின் ஓர் அறைக்கென்று எழுதப்பட்ட இசை. மூன்று பேர், நாலு பேர், ஐந்து பேர் உட்கார்ந்து வாசிப்பார்கள். ஆளுக்கு ஒரு பங்கு. முன்னால் நின்று கையசைக்க நடத்துநர் கிடையாது. 19ஆம் நூற்றாண்டில், ரொமான்டிக் காலம் என்று வரலாற்றாசிரியர்கள் பெயரிட்ட காலத்தில், பியானோவையும் நரம்பு வாத்தியங்களையும் (வயலின், வியோலா, செல்லோ, சில சமயம் டபுள் பாஸ்) சேர்த்து எழுதப்பட்ட அறையிசையைத்தான் இங்கே எடுத்துக்கொள்கிறேன். சரியாகச் சொன்னால், அந்த இசையைப் புதிய கேட்பாளர்களுக்கு அறிமுகப்படுத்துகிறவர்கள் உண்மையில் என்ன செய்கிறார்கள் என்பதுதான் என் கேள்வி.

இப்படிப்பட்ட அறிமுகக் கூட்டங்கள் சிலவற்றில் உட்கார்ந்திருக்கிறேன். குறுந்தகட்டு உறைகளிலும் நிகழ்ச்சித் தாள்களிலும் அச்சாகும் குறிப்புகளை வருஷக்கணக்காகப் படித்தும் வருகிறேன். எல்லாம் ஏறக்குறைய ஒரே வார்ப்பு. முதலில் மேதையின் வாழ்க்கை: ஷுபர்ட் 31 வயதில் செத்துப்போனார், ஷூமான் மனநல விடுதியில் முடிந்துபோனார், பிராம்ஸ் கல்யாணமே செய்துகொள்ளவில்லை. அப்புறம் ஓர் உவமை: அறையிசை என்பது நண்பர்களின் உரையாடல். இந்த உவமைக்கு கெதேயையே சாட்சிக்குக் கூப்பிடுவார்கள். நரம்பு வாத்திய நால்வரைக் கேட்பது அறிவுள்ள நான்கு மனிதர்கள் பேசிக்கொள்வதைக் கேட்பது மாதிரி என்ற பொருளில் அவர் 1829இல் தம் நண்பர் ட்ஸெல்டருக்கு ஒரு கடிதம் எழுதினார். அதற்குப் பிறகு உவமை பெருகிவிட்டது. எந்த அறிமுகத்தைத் திறந்தாலும் ‘சமமானவர்களின் சம்பாஷணை’.

கெதே பேசியது நரம்பு வாத்தியங்கள் நான்கைப் பற்றி. ஒரே குடும்பத்து வாத்தியங்கள் அவை. ஒரே மாதிரி வில், ஒரே மாதிரி மரம். அந்த உவமையை அப்படியே தூக்கிக்கொண்டுபோய் பியானோ இருக்கிற இசைக்கும் மாட்டிவிடுவதில்தான் மோசடி நடக்கிறது. பியானோ உள்ளே வந்ததும் அறைக்குள் சமத்துவம் முடிந்துபோகிறது. ரொமான்டிக் அறையிசையின் விறுவிறுப்பு முழுவதும் அந்தச் சமமின்மையிலிருந்துதான் வருகிறது என்பது என் வாதம். ‘உரையாடல்’ என்று சொல்லி அறிமுகப்படுத்துகிறவர்கள், கேட்க வேண்டிய விஷயத்தை மறைத்துவிட்டுக் கேட்கச் சொல்கிறார்கள்.

2

முதலில் சடப்பொருளிலிருந்து தொடங்குவோம். பியானோவில் கட்டையை அழுத்தினால் சுத்தி தந்தியைத் தட்டும். தட்டிய கணத்திலிருந்து அந்த ஒலி தேயத்தான் செய்யும். எத்தனை பெரிய வித்வானாக இருந்தாலும் தட்டிவிட்ட ஒரு சுரத்தை வளர்க்க முடியாது. வயலினில் வில் நரம்பின்மேல் இருக்கும்வரை ஒலி உயிரோடு இருக்கிறது. வளர்க்கலாம், ஒடுக்கலாம், நடுங்கவைக்கலாம். பியானோவின் சுருதி முன்கூட்டியே நிலைநாட்டப்பட்டது. வாசிக்கிறவர் அதை ஒரு இம்மிகூட நகர்த்த முடியாது. வயலின்காரர் விரலை மயிரிழை நகர்த்தி சுருதியைக் கூட்டவோ குறைக்கவோ முடியும். ஆக, இந்தக் கூட்டில் ஒருவருக்கு நீட்சி இல்லை, இன்னொருவருக்கு நிலைத்த சுருதி இல்லை. அனுசரித்துப்போக வேண்டியவர்கள் எப்போதும் நரம்புக்காரர்கள்தான். பியானோவால் இறங்கிவர முடியாது.

இதில் சத்தத்தின் பிரச்சினையையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். 1821இல் பாரிஸின் எரார் கம்பெனி ஒரே கட்டையை வேகமாகத் திரும்பத் திரும்பத் தட்டுவதற்கான பொறியமைப்புக்குக் காப்புரிமை வாங்கியது. அடுத்தடுத்த பத்தாண்டுகளில் பியானோவின் உள்ளே இரும்புச் சட்டம் வந்தது. தந்திகளின் இழுவிசை ஏறியது. தொழிற்புரட்சியின் வார்ப்பிரும்பு அப்படித்தான் வரவேற்பறைக்குள் நுழைந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த வயலினில் அப்போதும் ஆட்டுக்குடல் நரம்புதான். எஃகுக் கம்பி அங்கே பரவலானது 20ஆம் நூற்றாண்டில். இரும்புக்கும் குடலுக்கும் நடந்த பேச்சுவார்த்தை இது.

அதற்கு முந்தின தலைமுறையில் அதிகாரம் ஒளிவுமறைவில்லாமல் எழுதப்பட்டே இருந்தது. ஹெய்டனின் ட்ரையோக்கள் வெளியானபோது ‘வயலின், செல்லோ துணையுடன் பியானோவுக்கான சொனாட்டா’ என்ற வகையில்தான் அச்சில் பெயர் இருந்தது. செல்லோ பெரும்பாலும் பியானோவின் இடதுகையைப் பின்தொடரும். எஜமானும் துணையும். ரொமான்டிக் காலத்தில் அந்தத் துணைகள் தலைதூக்குகிறார்கள். அதே காலத்தில்தான் எஜமான் இரும்பால் பலமடைகிறார். இரண்டும் ஒரே நேரத்தில் நடப்பதால் ஒவ்வொரு இசையமைப்பாளரும் இதற்கு ஒரு தீர்வு கண்டாக வேண்டியிருந்தது. அந்தத் தீர்வுகளின் வரலாறு என்று இந்த இசையைக் கேட்கலாம்.

ஷுபர்ட்டின் ‘ட்ரவுட்’ குவின்டெட் (1819) ஒரு தீர்வு. ஸ்டெயர் என்ற ஊரில் பாவ்ம்கார்ட்னர் என்கிற, தொழில்முறையாளர் அல்லாத செல்லோ ரசிகருக்காக எழுதியது. ஷுபர்ட் டபுள் பாஸைச் சேர்த்து அடித்தளத்தை அதனிடம் ஒப்படைக்கிறார். அதனால் பியானோவின் இடதுகை கீழே வேரூன்றி நிற்கத் தேவையில்லை. பல இடங்களில் இரண்டு கைகளும் மேல் ஸ்தாயியில் ஒரே சுரங்களை ஒரு ஸ்தாயி இடைவெளியில் வாசிக்கின்றன. கீழே காலியான இடத்தில் நரம்புகள் மூச்சுவிடுகின்றன. நான்காம் பகுதியில் அவர் தம்முடைய ‘மீன்’ பாட்டின் மெட்டை எடுத்து மாற்றி மாற்றிச் சொல்கிறார். முதலில் நரம்புகள் மட்டும். பியானோ வாயைத் திறப்பதில்லை. அப்புறம் மெட்டு பியானோவுக்கு. அடுத்து வியோலாவுக்கு. அதற்கடுத்து செல்லோவும் டபுள் பாஸும் மெட்டைச் சுமக்க, பியானோ மேலே ஓட்டமாய் ஓடி அலங்காரம் பண்ணுகிறது. எஜமான் வேலைக்காரனுக்குப் பக்கவாத்தியம் வாசிக்கிற தருணம். மெட்டு யார் கையில் என்று பின்தொடர்ந்தாலே போதும், இந்தப் பகுதி முழுசாகத் திறந்துகொள்ளும். சங்கீத ஞானம் எதுவும் தேவையில்லை.

ஷூமானின் 1842ஆம் வருஷத்துக் குவின்டெட்டில் (ஓபஸ் 44) தீர்வு வேறு. அங்கே பியானோ ஏறக்குறைய ஓய்வதே இல்லை. எதிரே நான்கு நரம்புகளும் ஓர் அணியாகத் திரண்டு நிற்கின்றன. முதல் பகுதியில் இரண்டாவதாக வரும் மெட்டில் செல்லோ ஒன்று சொல்ல, வியோலா அதைத் தலைகீழாக்கிப் பதில் சொல்கிறது. பியானோ அடியில் சும்மா தாங்கிக்கொண்டிருக்கிறது. அந்தச் சில விநாடிகள்தான் கெதே சொன்ன உரையாடலுக்குப் பக்கத்தில் வருகின்றன. மற்ற நேரத்தில் அது தொழிற்சங்கத்துக்கும் முதலாளிக்கும் நடக்கிற பேரம் மாதிரிதான் என் காதுக்குக் கேட்கிறது.

பிராம்ஸிடம் வரும்போது பேரம் முற்றிவிட்டது. இன்று நாம் பியானோ குவின்டெட்டாகக் கேட்கும் ஓபஸ் 34ஐ அவர் முதலில், 1862இல், ஐந்து நரம்புகளுக்கு எழுதினார். நரம்புகளால் தாங்க முடியவில்லை. பிறகு இரண்டு பியானோக்களுக்கு மாற்றினார். அதில் நீட்சி இல்லை. மூன்றாம் முறைதான், 1864இல், இன்றைய வடிவம். ஒரு கருத்துக்குச் சரியான வர்க்கச் சேர்க்கை கிடைக்க மூன்று தடவை முயல வேண்டியிருந்தது. அவருடைய ஜி மைனர் பியானோ குவார்ட்டெட்டை (ஓபஸ் 25) ஷோன்பெர்க் 1937இல் முழு ஆர்கெஸ்ட்ராவுக்கு மாற்றி எழுதினார். ஏன் என்று கேட்டதற்கு அவர் சொன்ன காரணங்களில் ஒன்று: இதை எப்போதும் மோசமாகத்தான் வாசிக்கிறார்கள், பியானோக்காரர் எவ்வளவு திறமைசாலியோ அவ்வளவு சத்தமாக வாசிப்பார், நரம்புகள் கேட்பதே இல்லை, ஒரு தடவையாவது எல்லாவற்றையும் கேட்க ஆசைப்பட்டேன். பக்கம் பக்கமாக எழுதிய அறிமுகக் குறிப்புகள் சொல்லாததை அந்த மனிதர் இரண்டு வாக்கியத்தில் போட்டு உடைத்துவிட்டார்.

3

அறைக்குள் யார் இருந்தார்கள் என்பதையும் பார்த்துவிட வேண்டும். பியானோ வீட்டுப் பெண்களின் வாத்தியம். வயலினும் செல்லோவும் ஆண்களுடையவை என்பதுதான் அன்றைய நடுத்தர வர்க்கத்து வழக்கு. வீட்டுக்குள் எஜமான வாத்தியம் பெண்ணின் கையில் இருந்தது என்பதில் ஒரு விசித்திரமான முரண் உண்டு. அவள் எவ்வளவு நன்றாக வாசித்தாலும் அது வாசலைத் தாண்டக் கூடாது. ஃபானி மெண்டல்சோனுக்கு அவருடைய அப்பா 1820இல் எழுதிய கடிதம் பிரசித்தம்: இசை உன் தம்பிக்குத் தொழில் ஆகலாம், உனக்கு அது அணிகலன் மட்டும்தான் என்பது அதன் சாரம். ஃபானி ஹென்ஸல் (கல்யாணத்துக்குப் பிறகான பெயர்) பெர்லினில் தம் வீட்டில் ஞாயிறுதோறும் இசைக்கூட்டம் நடத்தினார். அவருடைய டி மைனர் பியானோ ட்ரையோ 1847 ஏப்ரலில், தங்கையின் பிறந்தநாளையொட்டி, அங்கேதான் ஒலித்தது. அடுத்த மாதம் ஒத்திகையின்போது பக்கவாதம் தாக்கி இறந்துபோனார், வயது 41. ட்ரையோ 1850இல் அச்சானது. அதன் தொடக்கத்தில் பியானோவின் கொந்தளிப்புக்கு மேலே வயலினும் செல்லோவும் சேர்ந்து நீண்ட மெட்டை இழுக்கின்றன. அணிகலன் என்று இதை யாராலும் கேட்க முடியாது.

பாரிஸில் லூயிஸ் ஃபாரங் கன்ஸர்வத்வாரில் 1842 முதல் 1873 வரை பியானோப் பேராசிரியராக இருந்தார். ஆண் பேராசிரியர்களைவிடக் குறைந்த சம்பளம். 1850இல் அவருடைய நோனெட் பெற்ற வெற்றிக்குப் பிறகு கேட்டு வாங்கினார், சம சம்பளத்தை. ஷுபர்ட்டின் ‘ட்ரவுட்’டில் உள்ள அதே ஐந்து வாத்தியங்களுக்கு இரண்டு குவின்டெட்டுகள் எழுதியிருக்கிறார். அறிமுகப் பட்டியல்களில் ஷுபர்ட் நிச்சயம் இருப்பார். ஃபாரங் இருக்க மாட்டார். ‘தரத்தை வைத்துத்தானே தேர்ந்தெடுக்கிறோம்’ என்பார்கள். தரம் என்பது யார் யாரைத் திரும்பத் திரும்பக் கேட்கவைத்தார்கள் என்பதையும் சேர்த்ததுதான்.

இன்னொரு கூட்டம் அறைக்கு வெளியிலேயே நின்றது. பிராம்ஸின் அந்த ஜி மைனர் குவார்ட்டெட்டின் கடைசிப் பகுதிக்கு ‘ஜிப்ஸி பாணி’ என்று தலைப்பு. ஹங்கேரியின் ரோமா இசைக்காரர்கள் விடுதிகளில் காசுக்கு வாசித்த தாளமும் முறுக்கும் அதில் இருக்கின்றன. கேட்டால் உடம்பு தானாக ஆடும், அதை மறுக்கவில்லை. ஆனால் தாளம் உள்ளே வந்தது, தாளக்காரர் வரவில்லை. அறிமுகக் குறிப்புகள் இதை ‘நாட்டுப்புற வண்ணம்’ என்று ஒரு வரியில் தாண்டிவிடும்.

4

அறிமுகப்படுத்துதல் என்ற நிறுவனத்துக்கே ஒரு வரலாறு உண்டு. அதை லண்டனில் தெளிவாகப் பார்க்கலாம். ஜான் எல்லா என்பவர் 1845இல் அங்கே ‘மியூசிகல் யூனியன்’ என்ற அமைப்பைத் தொடங்கினார். பிரபுக்கள், சீமாட்டிகள் சந்தா கட்டி உறுப்பினர் ஆவார்கள். செவ்வாய்க்கிழமை பிற்பகலில் கச்சேரி. வேலைக்குப் போகிற எவன் செவ்வாய்க்கிழமை பிற்பகலில் வர முடியும்? எல்லா இரண்டு புதுமைகள் செய்தார். வாசிப்பவர்களை அறையின் நடுவில் உட்காரவைத்து, கேட்பவர்களைச் சுற்றிலும் அமர்த்தினார். மெட்டுகளை இசைக்குறிப்போடு அச்சிட்டு விளக்கும் தாள்களை முன்கூட்டியே உறுப்பினர்களுக்கு அனுப்பினார். இன்றைய நிகழ்ச்சிக் குறிப்புக்கு அது ஒரு மூதாதை. இசைக்குச் செய்யும் பெரிய மரியாதை மௌனம் என்ற பொருளில் ஓர் இத்தாலிய வாசகத்தைக் கொள்கையாகவும் வைத்துக்கொண்டார். மௌனமும் தாளும் சேர்ந்துதான் ‘தகுதியான ரசிகர்’ என்ற ஜீவனை உருவாக்கின.

எல்லாவை வெறுமனே கிண்டல் பண்ணிவிட்டுப் போவது நியாயமில்லை. நடுவில் உட்காரவைத்தது நல்ல யோசனை. நால்வரும் ஒருவரையொருவர் பார்ப்பதைக் கேட்பவர் பார்க்கலாம். தாளும் உருப்படியானதுதான், மெட்டை அடையாளம் காட்டியது. குறை வேறு இடத்தில்: அந்த அறிவு, உள்ளே நுழையத் தகுதி பெற்றவர்களின் தகுதியை மேலும் உயர்த்துவதற்குப் பயன்பட்டது.

1859இல் செயின்ட் ஜேம்ஸ் ஹாலில் திங்கள்கிழமைக் கச்சேரிகள் தொடங்கின. ஒரு ஷில்லிங்குக்கும் இடம் உண்டு. கிளாரா ஷூமானையும் யோவாகிமையும் குமாஸ்தாக்களும் பள்ளி ஆசிரியைகளும் கேட்கக் கிடைத்தது இப்படித்தான். 1878இல் லண்டன் ஏழைகளிடையே இசையைக் கொண்டுசெல்ல ‘மக்கள் கச்சேரிச் சங்கம்’ ஏற்பட்டது. அதன் தொடர்ச்சியாக 1887இல் சவுத் பிளேஸ் என்ற சுதந்திரச் சிந்தனையாளர்களின் மண்டபத்தில் ஞாயிற்றுக்கிழமை அறையிசைக் கச்சேரிகள். ஞாயிறன்று கேளிக்கைக்கு நுழைவுக் கட்டணம் வாங்குவதை 1780ஆம் வருஷத்துச் சட்டம் ஒன்று தடுத்திருந்த தேசம் அது. இங்கே நுழைவு இலவசம்; தட்டில் போடுவதைப் போடலாம். 1929இல் கான்வே ஹாலுக்கு இடம் மாறி, ஞாயிறு அறையிசை என்ற அந்த மரபு இன்னும் நடந்துவருகிறது.

மூன்றாவது உதாரணம் போர்க்காலம். 1939 அக்டோபரில் லண்டன் கச்சேரி மண்டபங்கள் பூட்டப்பட்டுக் கிடந்தன. ஓவியங்களை அப்புறப்படுத்திவிட்டதால் நேஷனல் கேலரி காலிச் சுவர்களோடு நின்றது. பியானோக் கலைஞர் மைரா ஹெஸ் அங்கே திங்கள் முதல் வெள்ளி வரை மதியச் சாப்பாட்டு நேரக் கச்சேரிகளைத் தொடங்கினார். ஒரு ஷில்லிங். சாண்ட்விச்சும் விற்றார்கள். 1946 ஏப்ரல் வரை 1,698 கச்சேரிகள். வந்தவர்கள் எட்டு லட்சத்துக்கும் மேல். குண்டுவீச்சின்போது அடித்தளத்துக்கு இறங்கி வாசித்தார்கள். அங்கே போன தட்டச்சுக்காரிக்கும் சிப்பாய்க்கும் யாரும் முதலில் பரீட்சை வைக்கவில்லை.

சவுத் பிளேஸிலும் நேஷனல் கேலரியிலும் அறிமுகத்தைச் செய்தது விளக்கவுரையைவிட மூன்று எளிய விஷயங்கள் என்று நினைக்கிறேன்: உழைக்கிறவருக்குத் தோதான நேரம், கையில் உள்ள காசுக்குள் அடங்கும் கட்டணம், வாராவாரம் அதே இடம். திரும்பத் திரும்பக் கேட்டால் காது தானே கற்றுக்கொள்ளும். ழாக் ரான்சியேர் 1987இல் எழுதிய புத்தகத்தில் ஜாக்கோதோ என்ற ஆசிரியரின் கதை வருகிறது. 1818இல், ஷுபர்ட் ‘ட்ரவுட்’ எழுதுவதற்கு முந்தின வருஷம், லூவேன் நகரில் தமக்குத் தெரியாத ஃப்ளெமிஷ் மொழி பேசிய மாணவர்களுக்கு, விளக்காமலே, ஓர் இருமொழிப் பிரதியைக் கையில் கொடுத்து பிரெஞ்சு கற்கவைத்தவர். விளக்குகிறவர் தம் விளக்கத்தின் மூலமே எதிரில் இருப்பவரை அறியாதவர் ஆக்குகிறார் என்று ரான்சியேர் அதிலிருந்து வாதிடுகிறார். மேதையின் வாழ்க்கை, மகத்துவம், ஆழம் என்று அரைமணி நேரம் முழங்குகிற அறிமுகத்துக்கு இதைவிடப் பொருத்தமான விமரிசனம் கிடையாது.

5

‘அதெல்லாம் சரி, ஐரோப்பிய பூர்ஷ்வா வரவேற்பறைச் சமாச்சாரம் நமக்கெதுக்கய்யா?’ என்று தோழர்கள் கேட்பது காதில் விழுகிறது. பூர்ஷ்வா சமாச்சாரம்தான், மறுக்கவில்லை. 1962இல் வந்த இசைச் சமூகவியல் நூலில் அடோர்னோவும் அதைத்தான் சொல்கிறார்: போட்டியை வெறும் விளையாட்டாக மாற்றிக்கொண்டு, வெளியே நடக்கும் உண்மையான போட்டியிலிருந்து ஒதுங்கி நிற்கும் நடுத்தர வர்க்க வீட்டின் கலை. ஆனால் அவரே இன்னொன்றும் சொல்கிறார். நன்றாக அறையிசை வாசிப்பதன் முதல் பாடம் தன்னை முன்னே தள்ளாமல் ஒதுங்கத் தெரிவது. பலமுள்ளவன் எப்போது ஒதுங்குகிறான், எப்போது ஒதுங்குவதாக நடிக்கிறான் என்பதைக் காதால் பிரித்தறியும் பயிற்சி, அமைப்புகளிலும் கூட்டங்களிலும் காலம் கழிக்கும் நமக்கு வேண்டாத பயிற்சியா? நம் திரைப்படச் சங்கங்களிலும் வாசிப்பு வட்டங்களிலும் ‘மக்களுக்கு’ நல்லதை அறிமுகப்படுத்த எத்தனை எல்லாக்கள் தாள் அச்சடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்பதையும் கொஞ்சம் யோசிக்கலாம்.

இன்று இந்த இசை முழுவதும் கைபேசியிலேயே கிடைக்கிறது. டிக்கெட் இல்லை, மௌனக் காவலர் இல்லை. இதிலும் ஒரு சங்கதி உண்டு. ஒலிப்பதிவில் பியானோவையும் செல்லோவையும் சமன்செய்வது ஒலிப்பொறியாளரும் மைக்கும். அறையில் வாசிக்கிறவர்கள் வியர்த்துச் செய்யும் வேலை அங்கே ஒரு குமிழைத் திருப்புவதோடு முடிகிறது. அதனால் முடிந்தால் காணொளியில் பாருங்கள். பியானோக்காரர் தலையைத் திருப்பி நரம்புகளைப் பார்க்கிறாரா, இல்லையா என்பது தெரியும்.

அறிமுகக் கூட்டம் நடத்த நினைப்பவர்களுக்கு என் யோசனை இது. வாழ்க்கை வரலாறு வேண்டாம். ஒரு பகுதியை எடுத்துக்கொண்டு நரம்புகளை மட்டும் வாசிக்கச் சொல்லுங்கள், பிறகு பியானோவை மட்டும், பிறகு சேர்த்து. எங்கே ஒருவரை ஒருவர் மூழ்கடிக்கிறார்கள் என்று கேட்பவர்களையே சொல்லவிடுங்கள். வாசிப்பவர்கள் அதை அங்கேயே சரிசெய்து திரும்ப வாசிக்கட்டும். ஒத்திகையைத்தான் பொதுவில் வைக்க வேண்டும். முடிந்த பொருளை வழிபட வைத்ததால்தானே உழைப்பு கண்ணுக்குத் தெரியாமல் போனது. வாத்தியக்காரர்கள் கிடைக்காத ஊரில் ஒரே பதிவை மூன்று முறை போடலாம்: ஒருமுறை செல்லோவை மட்டும் பின்தொடர்ந்து, ஒருமுறை பியானோவின் இடதுகையை, மூன்றாம் முறை முழுசாக. வரிசை கேட்டால் ‘ட்ரவுட்’டின் நான்காம் பகுதி, அடுத்து ஹென்ஸலின் ட்ரையோ, அடுத்து ஃபாரங், அதற்குப் பிறகு பிராம்ஸ் ஓபஸ் 25.

இவற்றுக்கு நடுவில் ஷூமானின் பியானோ குவார்ட்டெட்டின் (ஓபஸ் 47, 1842) மூன்றாம் பகுதியையும் வைத்துக்கொள்ளுங்கள். தொடக்கத்தில் மெட்டைப் பாடுவது செல்லோ. கடைசியில் அதே மெட்டு வியோலாவிடம் போய்விடுகிறது. அந்த நேரத்தில் செல்லோக்காரர் சும்மா இருப்பதில்லை. எல்லார் முன்னாலும் தம் வாத்தியத்தின் மிகத் தடித்த நரம்பைத் தளர்த்தி, அதன் சுருதியை ஒரு முழுச் சுரம் கீழே இறக்குகிறார். செல்லோவின் எல்லைக்குக் கீழே இருக்கிற ஒரு சுரம் ஷூமானுக்கு வேண்டியிருக்கிறது. பியானோவில் அந்தச் சுரம் தயாராகவே இருக்கிறது, ஆனால் தட்டினால் தேய்ந்துபோகும். முடிவுவரை அதைப் பிடித்து நிறுத்தி வைக்க வில்லால்தான் முடியும்.